கேளுங்கள் டீச்சரிடம்: ஒரு தடவை வந்தவர் மறுபடி வருவதில்லையே?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நூலக அறையில் கூடுவோம். பயிற்சி எதுவும் கிடையாது, சும்மா பேசிப் பழகத்தான். வாட்ஸ்அப்பில் அறிவிப்பு அனுப்புகிறோம். வடையும் டீயும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் ஒரு தடவையோடு நின்றுவிடுகிறார்கள். எங்கே குறை?
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: வடையில் இருக்காது. நானும் அப்படி ஒரு தடவையோடு நின்றவள்தான். ஓய்வு பெற்ற புதிதில் இதேபோன்ற ஒரு சந்திப்புக்குப் போனேன். வார்ப்புரு உடைந்துவிட்டதாம், தானியங்கி தப்பாக ஓடியதாம், ஆலமரத்தடியில் யாரோ யாரையோ கோபித்துக்கொண்டாராம். முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், இரண்டு மணி நேரம் தமிழே புரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆலமரத்தடி என்பது விக்கிப்பீடியர்கள் பொது விஷயம் பேசும் பக்கத்தின் பெயர் என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்று என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "கணக்கு இருக்கா அக்கா?" வங்கிக் கணக்கையா கேட்கிறார்கள் என்று கைப்பையை இறுக்கிக்கொண்டேன்.

மறுபடி போக ஒரு வருடம் ஆனது. அதுவும் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையால். அந்தக் குழுவிலிருந்த தம்பி ஒருவரை ரயிலில் பார்த்தேன். பழைய சந்தை எங்கே இருந்தது என்று கேட்டார். விடுவேனா? அம்மாவோடு கூடை தூக்கிக்கொண்டு போனது, 1982இல் சாலைக்கு இந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறியது, அதற்கு ஜூஜியாவ் என்று பெயர் வைத்தது, நம் ஆட்கள் வாயில் அது நுழையாதது, 2000இல் தேக்கா என்றே மாற்றியது எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் நான் இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது. "உங்க ஞாபகத்தை அப்படியே போட முடியாது அக்கா, அச்சில் வந்த சான்று வேணும். ஆனா எங்கே தேடணும்னு இப்பத் தெரியுது" என்றார். அடுத்த சந்திப்பில் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் பழைய நாளிதழ்களை இருவரும் துழாவினோம். அன்று நான் சேர்த்தது ஒரு வரி, அதற்கு ஒரு சான்று. அதற்கடுத்த மாதம் யாரும் கூப்பிடாமலே போனேன்.

ஆகவே, புதியவர் வந்தால் எந்த ஊர், என்ன வேலை, எதைப் பற்றி விடாமல் பேசுவார் என்று முதலில் கேளுங்கள். உங்கள் ஐவரில் ஒருவர் அன்று முழுக்க அவர் பக்கத்திலேயே உட்காரட்டும். வார்ப்புரு வழக்கெல்லாம் அவர் போனபின் வைத்துக்கொள்ளலாம்.

ஒருவேளை நிறையப் பேர் வந்துவிட்டால் (வரட்டுமே!), எல்லாரையும் நூலக வைஃபையில் கணக்குத் திறக்க விடாதீர்கள். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குக்கு மேல் விக்கிப்பீடியா அனுமதிப்பதில்லை. ஏழாவது ஆள் ஆசையாய் வந்து மூஞ்சி தொங்கத் திரும்புவார். வீட்டிலேயே திறந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

சனிக்கிழமையும் யோசிக்க வேண்டியது. தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் தம்பிகள் பலருக்கு விடுமுறையே ஞாயிறுதான், அன்று அவர்கள் லிட்டில் இந்தியாவில் இருப்பார்கள். தமிழ்நாட்டு ஊராட்சிகள் பற்றி விக்கிப்பீடியாவில் சின்னச் சின்னக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. படமில்லாதவையும் அதில் நிறைய. அவரவர் ஊர்ப் பக்கத்தைக் காட்டி, "லீவில் போகும்போது ஏரியைப் படமெடுத்து வர்றீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சொந்தமாக எடுத்த படத்துக்குச் சான்று தேட வேண்டாம், விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் பொதுவகத்தில் ஏற்றினால் போதும்.

கேள்வி: விக்கிப்பீடியா சந்திப்புக்குத் தோழி கூப்பிடுகிறாள். எனக்குத் தமிழில் தட்டச்சு வராது. போனால் சிரிப்பார்களோ?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கணினித் தமிழுக்காக 1997இலேயே மாநாடு கூட்டிய ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? கைப்பேசியிடம் பேசுங்கள், அதுவே தமிழில் எழுதிவிடும். ஒற்று மட்டும் அங்கங்கே விட்டுப்போகும். போகட்டும், அதைத் திருத்துவதற்கென்றே என்னைப் போல் சிலர் அங்கே காத்துக்கிடக்கிறோம்.