ஏடிபி சிந்தேஸ்: செல்லுக்குள் சுழலும் புரதம் – கேள்வி பதில்

ஏடிபி என்பது செல்கள் தங்கள் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு. நம் செல்களுக்கான ஏடிபியில் பெரும்பகுதியைத் தயாரிப்பது ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம். அதைப் பற்றியும், அதன் வடிவத்தைக் கண்டறிந்த ஜான் வாக்கர் பற்றியும் வந்த கேள்விகள் இவை.

கேள்வி: மூச்சு விடுவதும் செல் சுவாசமும் ஒன்றா?

இல்லை. மூச்சு என்பது காற்றை இழுத்து விடுவது; செல் சுவாசம் என்பது செல்லுக்குள் உணவிலிருந்து ஆற்றலை எடுப்பது. ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பங்கு போய்ச் சேருவது செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குத்தான். உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களை அங்கே வாங்கிக்கொண்டு தண்ணீராக மாறுகிறது.

கேள்வி: எலக்ட்ரான் ஓடினால் ஏடிபி எப்படி வரும்? எங்கள் பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அந்த ஓட்டத்தின் பலத்தில் சில புரதங்கள் புரோட்டான்களை மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு வெளியே தள்ளுகின்றன. மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்புவது மாதிரி. புரோட்டான்கள் திரும்பி இறங்கும் வழியில்தான் ஏடிபி சிந்தேஸ் இருக்கிறது. அந்த இறக்கம் அதைச் சுழற்ற, அது ஏடிபியைத் தயாரிக்கிறது. பீட்டர் மிட்செல் 1961இல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: வாக்கர் அப்படி என்ன செய்தார்?

கேம்பிரிட்ஜில் மாட்டின் இதயத்திலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். ஓயாமல் துடிக்கும் தசை அல்லவா, மைட்டோகாண்ட்ரியா அங்கே ஏராளம். முதலில் அமினோ அமில வரிசை, அப்புறம் படிகம், அப்புறம் எக்ஸ் கதிர். 1994இல் வடிவம் வெளியானது. ஆரஞ்சுச் சுளைகள் போல ஆறு துண்டுகள், நடுவே ஒரு கோணல் தண்டு. ஏடிபி உருவாகும் மூன்று துண்டுகளும் ஒரே அமினோ அமில வரிசை கொண்டவை. ஆனாலும் தண்டின் கோணலால் மூன்றும் மூன்று வடிவத்தில் நின்றன. ஒன்றில் எதுவும் ஒட்டாமல் காலியாகவே இருந்தது. தண்டு சுழலச் சுழல ஒவ்வொன்றும் முறைவைத்து மாறும் என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர் பால் பாயர் முன்பே ஊகித்திருந்தார். 1997 வேதியியல் நோபலில் இருவருக்கும் பங்கு. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்தது அந்தக் காலித் துண்டுதான்.

கேள்வி: சுழல்வதை யாராவது நேரில் பார்த்தார்களா?

பார்த்தார்கள், அதே 1997இல், ஜப்பானில். ஒரு பாக்டீரியாவின் புரதத்தைக் கண்ணாடியில் பதித்து, தண்டின் நுனியில் ஆக்டின் என்ற புரதத்தின் ஒளிரும் இழையை ஒட்டி, ஏடிபி கொடுத்தார்கள். நுண்ணோக்கியில் இழை சுற்றியது! ஏடிபியைச் செலவழித்துப் பின்னோக்கி ஓடும் சுழற்சி அது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி.

கேள்வி: டிஎன்பி மாத்திரை எடை குறைக்குமாமே?

குறைக்கும், ஆளையும் கொல்லும். டிஎன்பி என்பது டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருள். புரோட்டான்களை அது சவ்வின் குறுக்கே நேரடியாகக் கடத்திவிடும். தொட்டியில் ஓட்டை விழுந்த கதைதான்: ஏடிபி குறையும், அந்த ஆற்றல் வெப்பமாகும், உடல் கொதிக்கும். மாற்று மருந்து கிடையாது. 1930களில் அமெரிக்காவில் பலர் இதைச் சாப்பிட்டு இறந்தார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.