இரண்டு கார் நிற்கும் கேரேஜுக்கு ஒரே அகலக் கதவு நல்லதா, இரண்டு சிறிய கதவுகள் நல்லதா?

புதிதாகக் கட்டும் கேரேஜில் எதை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முன்சுவர் எத்தனை அடி என்பதை மட்டும் சொல்லவில்லை. என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பதே அந்த அளவுதான். இரண்டு வகைக் கதவுகளோடும் வாழ்ந்த அனுபவத்தில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவர் 24 அடியோ அதற்கு மேலோ இருந்தால் 9 அடிக் கதவுகள் இரண்டு. 20 அடியை ஒட்டி இருந்தால் 16 அடிக் கதவு ஒன்று. 8 அடிக் கதவுகள் இரண்டு என்று யார் யோசனை சொன்னாலும், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், ஏற்காதீர்கள்.

8 அடியின் மேல் ஏன் இத்தனை கோபம் என்று கேட்கலாம். நடுத்தரக் கார் ஒன்றின் உடல் அகலம் ஏறத்தாழ 6 அடி. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் 7 அடியை நெருங்கிவிடும். 8 அடி வாசலில் நேராக நுழைந்தாலே கண்ணாடிக்கும் நிலைக்கும் நடுவே அரை அடிதான் மிச்சம். பெரிய எஸ்யூவி என்றால் அதுவும் கரைந்துவிடும். சில பிக்அப் வண்டிகள் கண்ணாடியை மடக்காமல் உள்ளே வரவே வராது. பகலில், பொறுமையாக, முன்பக்கமாக நுழையும்போது இது பெரிதாகத் தெரியாது. இரவு மழையில், பின்சீட்டில் குழந்தை அழுதுகொண்டிருக்க, ரிவர்ஸில் வெளியே வரும்போது தெரியும். ஓரடி கூட்டி 9 ஆக்கினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே ஒன்றா இரண்டா என்பதைவிட, சிறியது எவ்வளவு சிறியது என்று கேட்பதே உங்களுக்கு உதவும்.

இப்போது சுவருக்கு வருவோம். 9 அடி வாசல் இரண்டு, நடுவே 2 அடித் தூண், இரு ஓரங்களிலும் 2 அடிச் சுவர்: மொத்தம் 24. இப்படி அமைந்தால் இரண்டு கார்களுக்கு நடுவே சுமார் 5 அடி இடைவெளி கிடைக்கும். கதவைத் தாராளமாகத் திறந்து இறங்கலாம். 20 அடிச் சுவரில் இதையே திணிக்கப் பார்த்தால் வாசல்களுக்கே 18 அடி போய்விடும். மிச்சமுள்ள 2 அடியில் நடுத்தூணும் இரு ஓரச் சுவர்களும் அடங்க வேண்டும். கதவு ஓடும் டிராக்குகளுக்கும் பக்கத்தில் சில அங்குலம் தேவை. அது நடக்காது. அப்போதுதான் கட்டுபவர் மெதுவாக “எட்டாக்கிக்கொள்ளலாமே” என்று ஆரம்பிப்பார். அந்த இடத்தில் 16 அடி ஒற்றைக் கதவுக்குப் போய்விடுங்கள்.

இடம் இருந்தால் நான் இரண்டு கதவுகளின் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் வாசலுக்கு மேலே இருக்கும் பீம். சுமை சீராகப் பரவியிருக்கும் பீம் ஒன்றில், தாங்கல்களுக்கு இடையிலான தூரம் இரு மடங்கானால் அதை வளைக்கும் விசை நான்கு மடங்காகும். பீமின் அளவை மாற்றாமல் விட்டால் தொய்வு பதினாறு மடங்கு. மேலே மாடியோ அறையோ வரப்போகிறது என்றால் இது சாதாரண விஷயமில்லை. 16 அடிக்கு ஆழமான பீம் வேண்டும். அந்த ஆழம் கூரை உயரத்தைத் தின்னும். நடுவில் ஒரு தூண் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்கிறது.

இதே கணக்கு கதவுப் பலகைக்கும் பொருந்தும். நான் சொல்லும் கதவு, குறுக்குப் பலகைகளைக் கோத்துச் செய்தது; திறக்கும்போது டிராக்குகளில் ஏறிக் கூரைக்குக் கீழே படுத்துக்கொள்ளும். காற்று மோதும்போது ஒவ்வொரு பலகையும் இரு டிராக்குகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு பீம்தான். 1992இல் ஃப்ளோரிடாவை ஆண்ட்ரூ புயல் தாக்கியபோது, பல வீடுகளில் முதலில் விட்டுக்கொடுத்தது கேரேஜ் கதவுதான். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தூக்கியது. புயல் வரும் ஊரில் இருப்பவர்கள் அகலக் கதவை எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுத்தால் காற்றழுத்தத்துக்கென்று தரச்சான்று பெற்ற கதவாகவும், பலகைகளின் பின்னால் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்ததாகவும் பார்த்து எடுங்கள். காற்றே இல்லாத ஊரிலும் அந்தச் சட்டம் வேண்டும். மேலே படுத்த நிலையில் 16 அடிப் பலகை நடுவில் தொய்வதை அதுதான் தடுக்கிறது.

அடுத்தது ஸ்பிரிங். கதவின் எடையைத் தூக்குவது மோட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தூக்குவது ஸ்பிரிங். மோட்டார் நகர்த்துகிறது, அவ்வளவுதான். சாதாரண ஸ்பிரிங்கின் ஆயுளைப் பத்தாயிரம் முறை என்று குறிப்பிடுவார்கள். திறந்து மூடுவது ஒரு முறை. இரண்டு கார்களுக்கும் ஒரே கதவு என்றால், அது நாளுக்கு நான்கு முறை இயங்கினாலும் ஏழு வருடத்துக்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும். இரண்டு கதவுகள் என்றால் வேலை பாதிப்பாதியாகப் பிரியும். ஸ்பிரிங் எப்போதுமே அவசரமாகக் கிளம்பும் காலையில்தான் அறும். கார் உள்ளே நிற்கும்போது ஒற்றைக் கதவு மாட்டிக்கொண்டால் இரண்டு வண்டிகளும் சிறை. இரட்டைக் கதவு வீட்டில் ஒன்றாவது வெளியே போகும். அறுந்த ஸ்பிரிங்கை நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள். முறுக்கி வைத்த விசை கையை உடைக்கும்.

அகலக் கதவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். சாலையிலிருந்து நேராக நுழைய முடியாமல், திரும்பியபடியே உள்ளே வரவேண்டிய வீடுகள் உண்டு. அங்கே நடுத்தூண் ஒரு நிரந்தர எதிரி. முன்பக்கம் நுழைந்த பிறகும் கார் சாய்ந்துதான் இருக்கும். பின்பக்கம் உள்வளைவில் இழுத்துக்கொண்டு வரும், தூணில் உரசும். வாசல் எதிரே நிமிர்ந்து வர ஒரு கார் நீளத்துக்காவது இடம் இல்லையென்றால், சுவர் 24 அடி இருந்தாலும் எனக்கு 16 அடிக் கதவுதான். படகு, டிரெய்லர், வேலைக்கான பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் அதுதான். ஒரே கார் மட்டும் வைத்திருக்கிறீர்கள், மற்ற இடம் மேசைக்கும் சைக்கிளுக்கும் என்றால், காரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தும் சுதந்திரம் அகலக் கதவில்தான் கிடைக்கும். அந்தச் சுதந்திரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இருவர் கார் ஓட்டும் வீட்டில், நடுவில் நிறுத்திவிட்டுப் போனது யார் என்ற வழக்கு வாராவாரம் நடக்கும். தூண் இருக்கும் வீட்டில் வழக்கே எழாது.

செலவைப் பொறுத்தவரை, இரண்டு கதவுகள் என்றால் டிராக், ஸ்பிரிங், மோட்டார், சென்சார் எல்லாமே இரட்டை. பெரும்பாலும் அதுதான் கூடுதலாக வரும். ஆனால் கதவின் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பேசுபவர்களிடம் பீமின் விலையையும் சேர்த்துக் கேளுங்கள். அழகைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அது உங்கள் விருப்பம்.

வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். காலி இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் வாளிகளை 9 அடி இடைவெளியில் வையுங்கள். உங்கள் வீட்டு நுழைவில் எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டியிருக்குமோ அதே கோணத்தில் வந்து நடுவே நுழையுங்கள். பிறகு ரிவர்ஸில் வெளியே வாருங்கள். வீட்டில் கார் ஓட்டும் எல்லோரும் இதைச் செய்யட்டும், முக்கியமாக இப்போதுதான் பழகுபவர். வாளி உருண்டால் 16 அடிக் கதவுக்குச் சொல்லிவிடுங்கள்.