தீராத பதற்றத்துக்கு ஹிப்னோதெரபி எடுத்துப் பார்க்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: இரண்டு வருடமாகப் பதற்ற நோய் இருக்கிறது. மாத்திரை ஓரளவு உதவுகிறது, ஆனால் படபடப்பு முழுதாக விடவில்லை. தோழி ஒருவர் ஹிப்னோதெரபி பற்றி, அதாவது ஹிப்னாசிஸ் என்கிற ஆழ்ந்த கவன நிலையில் செய்யும் சிகிச்சை பற்றிச் சொன்னார். போகலாமா? போனால் சுயநினைவு இல்லாமல் மனதில் உள்ளதை எல்லாம் உளறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

போகலாம். சரியான ஆளிடம், இப்போது எடுக்கும் சிகிச்சையை நிறுத்தாமல், அதோடு சேர்த்துப் போகலாம். சுயநினைவு போகாது, உளறவும் மாட்டீர்கள். நான் டாக்டர் இல்லை. உங்களைப் போலவே பயந்துகொண்டு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவள், அவ்வளவுதான். அதனால் என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

எனக்கு வந்தது இதயத்தைப் பற்றிய பயம். ஒரு நாள் ராத்திரி தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தேன். நெஞ்சு அடித்த அடியில் கட்டிலே ஆடுவது போல இருந்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், மூச்சு பாதியில் நின்றுவிடுகிற மாதிரி. செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. ‘இது பேனிக் அட்டாக், உயிருக்கு ஆபத்து இல்லை’ என்றார் டாக்டர். நான் அவரை நம்பினேன். என் கைதான் நம்பவில்லை. அன்றிலிருந்து வலது கையின் இரண்டு விரல்கள் இடது மணிக்கட்டை விட்டு இறங்கவே இல்லை. படிக்கும்போது, யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போது, தூக்கத்துக்கு நடுவில் விழித்தால்கூட நாடி பார்ப்பேன். எண்பதைத் தாண்டினால் பயம் வரும், பயந்ததால் நூறாகும், நூறானதால் பயம் இன்னும் ஏறும். அழுத்தி அழுத்தி அந்த இடத்தில் தோலே லேசாகக் கறுத்துவிட்டது.

மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். உளவியலாளர் ஒருவரிடம் சிபிடி என்கிற சிந்தனை-நடத்தைச் சிகிச்சைக்கும் அனுப்பினார். துடிப்பு கூடுவதை ஆபத்து என்று மூளை தப்பாகக் கணக்குப் போடுகிறது, அந்தக் கணக்கே துடிப்பை இன்னும் கூட்டுகிறது என்று உளவியலாளர் காகிதத்தில் வட்டம் போட்டு விளக்கினார். நன்றாகப் புரிந்தது. ஆனால் புத்திக்குப் புரிந்தது உடம்புக்கு இறங்கவில்லை. நாலு மாதம் கழித்து அவரேதான், ‘எனக்கு ஹிப்னாசிஸ் பயிற்சி இருக்கிறது, இதோடு சேர்த்துச் செய்து பார்க்கலாமா’ என்று கேட்டார்.

முதல் நாள் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது. கண் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். அப்படி மேலே பார்த்தால் யாருக்கும் இமை சோர்ந்துபோகும், எனக்கும் சோர்ந்தது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொன்னார். நெற்றி, தாடை, தோள் என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். அப்புறம் ஒரு படிக்கட்டைக் கற்பனை செய்யச் சொல்லிப் பத்திலிருந்து ஒன்று வரை எண்ணினார். எனக்குத் தோன்றியது பாசி படிந்த கல் படிகள், கடைசிப் படியில் பாதம் நனைகிற அளவு தண்ணீர். அந்த நேரம் முழுக்க மின்விசிறி சுற்றும் சத்தம் காதில் விழுந்தது. வெளியே யாரோ நாற்காலி இழுத்ததும் கேட்டது. மூக்கு அரித்தது, சொறிந்துகொண்டேன். ‘எனக்கு இது வேலை செய்யவில்லை போலிருக்கிறது’ என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டே இருந்தேன். கண் திறந்ததும் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டார். பத்து நிமிடம் என்றேன். முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அத்தனை நேரத்தில் ஒரு முறைகூட நான் மணிக்கட்டைத் தொடவில்லை. இதைச் சுட்டிக்காட்டியதும் அவர்தான், நான் கவனிக்கவே இல்லை.

இதில் தூக்கம் என்பது கிடையாது. ஒரே விஷயத்தில் கவனம் ஆழமாகக் குவிந்து, சுற்றியிருப்பது பின்னுக்குப் போய்விடுகிற நிலை. அந்த நிலையில் சொல்லப்படும் கருத்தை மனமும் உடம்பும் எளிதாக ஏற்கும். அதைக் கருத்தேற்றம் என்பார்கள். பிடிக்காத கருத்தை அப்போதும் தள்ளிவிடலாம், எழுந்து வெளியே போகலாம், பொய்கூடச் சொல்லலாம். ஆகவே உங்கள் ரகசியம் உங்களிடமே இருக்கும்.

நம்மை யாரோ வசியம் செய்கிறார்கள் என்ற பயம் மிகப் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற மருத்துவர் தன்னிடமிருந்து ஒருவிதக் காந்த சக்தி நோயாளிக்குப் பாய்கிறது என்றார். 1784-ல் பிரெஞ்சு அரசர் அமைத்த குழு அதைச் சோதித்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியேவும் அதில் இருந்தார்கள். அப்படி ஒரு காந்த சக்தி இல்லை, நோயாளியின் கற்பனைதான் வேலை செய்கிறது என்று குழு சொன்னது. பிறகு கோவாவிலிருந்து போன பாதிரியார் அபே ஃபாரியா, 1813 வாக்கில் பாரிசில் இதையே இன்னும் தெளிவாகச் சொன்னார்: சக்தி செய்பவரிடம் இல்லை, செய்துகொள்பவரிடம் இருக்கிறது. 1840-களில் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற அறுவை மருத்துவர் ‘ஹிப்னாடிசம்’ என்ற சொல்லைப் பரப்பினார். தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இது தூக்கமே இல்லை என்று பிற்பாடு அவருக்கே தெரிந்து பெயரை மாற்றப் பார்த்தார், அதற்குள் பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. உங்களுக்கு இன்று இருக்கும் பயத்தில் பாதி அந்தப் பெயர் கொண்டுவந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, பதற்றத்துக்கு இது ஏன் பொருந்துகிறது? பதற்றத்தில் நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நடக்காத ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, உடம்பை அதை நம்ப வைக்கிறோம். ‘நெஞ்சு நின்றுவிட்டால்?’ என்று உள்ளே ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது, வியர்வையும் படபடப்பும் நிஜமாகவே வருகின்றன. கருத்தேற்றத்தில் நமக்கு ஏற்கெனவே நல்ல பயிற்சி இருக்கிறது. நாள் முழுக்க அதைத் தப்பான பக்கம் செய்துகொண்டிருக்கிறோம். ஹிப்னோதெரபி அதே வழியில் வேறு சரக்கை அனுப்புகிறது. என் உளவியலாளர் இப்படிச் சொன்ன நாளில்தான், நான் பலவீனமானவள் என்ற எண்ணம் கொஞ்சம் தளர்ந்தது.

நான்காவது அமர்வுதான் திருப்பம். முதலில் மாடிப்படியில் இரண்டு தடவை வேகமாக ஏறி இறங்கி வரச் சொன்னார். நெஞ்சு அடிக்க அடிக்க நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணை மூடி, அந்தத் துடிப்பை எண்ணாமல் வெறுமனே கேட்கச் சொன்னார். ‘வீட்டு வாசலைத் தாண்டி யாரோ நடந்து போகிறார்கள். காலடிச் சத்தம் நெருங்குகிறது, உரக்கக் கேட்கிறது, அப்புறம் தூரமாகப் போகிறது. நீங்கள் எழுந்து கதவைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.’ முதல் ஒரு நிமிடம் வலது கை தானாக மணிக்கட்டுக்குப் போய்விட்டது. அவர் தடுக்கவில்லை. கை அங்கே போகும் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடும், மூச்சு நீளமாக வெளியே போகும், கை மடியில் இறங்கும் என்று அதே குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழெட்டு தடவை நடந்தது. அதன்பின் கை போகவில்லை. காலடிச் சத்தம் தூரமாகப் போவது எனக்கு நிஜமாகவே கேட்டது.

வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம் நானாகவே இதைச் செய்தேன். சுய ஹிப்னாசிஸ் என்பது அதுதான். உண்மையில் வேலை நடந்தது அந்தப் பதினைந்து நிமிடங்களில். மொத்தம் எட்டு அமர்வுகள். முடியும்போது படபடப்பு வந்தாலும் சில நிமிடங்களில் தணிந்தது, நாடி பார்ப்பது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவையாகக் குறைந்தது. அடுத்த வருடம் நெருங்கிய உறவினர் ஒருவருக்கு மாரடைப்பு வந்தபோது எல்லாம் திரும்பி வந்தது. மறுபடி இரண்டு அமர்வு போனேன். மாத்திரையை மனநல மருத்துவர்தான் மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைத்தார். நானாக ஒரு நாளும் விட்டதில்லை. நீங்களும் விடாதீர்கள், திடீரென நிறுத்தினால் பதற்றம் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம்.

என் ஒருத்தி அனுபவத்தை வைத்து மட்டும் நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். 2019-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பதற்றத்துக்கு ஹிப்னாசிஸ் கொடுத்த 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை முடிவில், ஹிப்னாசிஸ் பெற்ற சராசரி ஆளுக்கு, பெறாத குழுவில் சுமார் 79 சதவீதம் பேரைவிட அதிகமாகப் பதற்றம் குறைந்திருந்தது. அதை மட்டும் தனியாகக் கொடுப்பதைவிட, மற்ற உளவியல் சிகிச்சையோடு சேர்த்தபோது பலன் கூடுதல். அதனால்தான் முதலிலேயே ‘சேர்த்து’ என்று சொன்னேன். 2016-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 57 பேரை மூளை ஸ்கேனில் வைத்துப் பார்த்தார்கள். எளிதில் ஹிப்னாசிசுக்கு உட்படுகிறவர்களிடம், எதைக் கவனிக்கலாம், எதைப் பற்றிக் கவலைப்படலாம் என்று தேடுகிற பகுதியின் வேலை குறைந்தது. திட்டமிடும் பகுதிக்கும் உடலுணர்வை அறியும் பகுதிக்கும் தொடர்பு கூடியது. மின்விசிறிச் சத்தம் கேட்டும் அது என்னைத் தொந்தரவு செய்யாதது ஏன் என்று அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

எல்லோரும் ஒரே அளவு உட்பட மாட்டார்கள். சிலர் மிக எளிதாக, சிலர் அநேகமாக இல்லவே இல்லை, பெரும்பாலோர் நடுவில். உங்களுக்கு வரவில்லை என்றால் அது உங்கள் குறை இல்லை. பதற்ற நோய்க்கான முதல் வரிசைச் சிகிச்சை இன்றும் சிபிடியும் மருந்தும்தான். அறுவைக்கு முன் வரும் பயம், பல் சிகிச்சைப் பயம், பதற்றத்தோடு கூடிய குடல் எரிச்சல் நோய் போன்றவற்றிலும் ஹிப்னாசிஸ் நன்றாக உதவுகிறது. உங்களுக்கும் வயிற்றுத் தொல்லை இருந்தால் டாக்டரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. அந்த உளவியலாளரைப் பார்ப்பதற்கு முன்பு, மருத்துவமோ உளவியலோ படிக்காத ஒருவரிடம் ஒரே ஒரு தடவை போயிருந்தேன். அவர் என்னைக் கண் மூட வைத்து, ‘முற்பிறவியில் நெஞ்சில் குத்துப்பட்டு இறந்திருக்கிறீர்கள், அந்தக் காயம்தான் இது’ என்றார். அன்றைக்கு ராத்திரி முழுக்க நெஞ்சில் அந்த இடத்தையே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனம் திறந்திருக்கும் நேரத்தில் ஒருவர் சொல்வது அவ்வளவு ஆழமாகப் பதியும். ஹிப்னாசிசில் ‘மீட்டெடுக்கும்’ நினைவுகள் நடக்காதவையாகவும் இருக்கலாம், ஆனால் நமக்கு நிஜம் போலவே இருக்கும். முற்பிறவி, மறந்துபோன சின்ன வயது ரகசியம் என்று தோண்டுகிறவர், ஒரே அமர்வில் குணம் என்கிறவர், மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், இவர்களில் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம், அளவு மீறிய உற்சாகத்தில் நிதானம் இழக்கும் பித்து நிலை போன்றவை உங்களுக்கு எப்போதாவது இருந்திருந்தால் மனநல மருத்துவர் சம்மதிக்காமல் இதைத் தொடவே கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே அவரிடம் போங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்க நான் இப்போது ஒரே கேள்விதான் கேட்கச் சொல்வேன்: ‘ஹிப்னாசிஸ் இல்லாமலும் என் பதற்றத்துக்கு உங்களால் சிகிச்சை தர முடியுமா?’ முடியும் என்று சொல்பவர், எப்படி என்று விளக்கக்கூடியவர், உங்கள் மனநல மருத்துவரோடு பேசத் தயாராக இருப்பவர் என்றால் உட்காருங்கள். அடுத்த முறை மாத்திரைச் சீட்டு புதுப்பிக்கப் போகும்போது உங்கள் டாக்டரிடமே, ஹிப்னாசிஸ் தெரிந்த உளவியலாளர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் படபடப்பு எந்த நேரத்தில், எந்த எண்ணத்தோடு தொடங்குகிறது, அப்போது உங்கள் கை எங்கே போகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்து எடுத்துப் போங்கள். என் விஷயத்தில் எல்லாம் அப்படி ஒரு குறிப்பிலிருந்துதான் தொடங்கியது.