மலையில் வாக்கி டாக்கி: கேள்வி பதில்

கொண்டப்பநாயக்கன்பட்டி: மீட்புக் குழுவோடு ஏற்காடு ஏறுகிறோம். பழைய அனலாக் செட்டில் கொரகொரவென்றாவது கேட்டது. டிஜிட்டலில் வளைவு திரும்பியதும் பேச்சு அறுந்துவிடுகிறதே?

பதில்: அனலாக்கில் சிக்னல் தேயத் தேய இரைச்சல் ஏறும். அதைக் கேட்டே நாலடி பின்னால் வந்துவிடுவோம். டிஜிட்டல் செட் குரலை எண்களாக்கி, பிழை திருத்தும் குறியீட்டோடு அனுப்புகிறது. பிழை ஓர் அளவு வரை பேச்சு தெளிவாக இருக்கும். தாண்டினால் சட்டென்று நின்றுவிடும். விளிம்புக்கு வந்துவிட்டோம் என்று காதுக்குத் தெரியாது. பாறையில் பட்டுத் தாமதமாக வரும் அலைகளும் குழப்பும். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் உண்டு. எந்த எண்ணில் பேச்சு நிற்கிறது என்று ஒருமுறை போய்க் குறித்து வையுங்கள். பேட்டரியையும் பாருங்கள்.

அஸ்தம்பட்டி: 5 வாட்டுக்குப் பதில் 10 வாட் வாங்கலாமா?

பதில்: இருமடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். குறுக்கே மலை நின்றால் அது போதாது. ஆன்டெனாவை உயர்த்துங்கள்.

சூரமங்கலம்: 25 வாட்?

பதில்: அஸ்தம்பட்டிக்குச் சொன்னதேதான். வாட் கேள்வி இனி வேண்டாம்.

நாகலூர்: மழையில் வாக்கி டாக்கி டவர் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் கீழே பேச முடியவில்லை.

பதில்: டவருக்கும் கட்டுப்பாட்டு மையத்துக்கும் இடையிலான இணைப்பு அறுந்திருக்கலாம். அப்போது பல அமைப்புகளில் அந்த டவரின் கீழ் இருப்பவர்கள் மட்டும் தங்களுக்குள் பேசலாம். டவரின் பேட்டரியும் தீர்ந்தால் மிஞ்சுவது செட்டுக்குச் செட் நேரடிப் பேச்சு. ஒரு மழை இரவில் எங்கள் குழுவில் ஒருவருக்கும் அதற்கு மாற்றத் தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் அரை மணி நேரம் காத்திருந்தார். தயவுசெய்து இன்றே மாற்றிப் பழகுங்கள்.

வாழப்பாடி: அப்படியானால் அனலாக்குக்கே திரும்பலாமே!

பதில்: மாட்டேன். டெட்ரா என்ற டிஜிட்டல் ரேடியோ முறையில் 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே சேனலில் 4 பேச்சுப் பாதைகள் கிடைக்கின்றன. பேச்சை மறைகுறியாக்கவும் முடிகிறது.

வாழப்பாடி: உயிர் போகிற நேரத்தில் நாலு பாதை எதற்கு? ஒன்று கேட்டால் போதும்.

பதில்: தீ எரியும் இடத்தில் நீங்கள் சொல்வது சரி. டிஜிட்டலில் குரலைச் சுருக்கும் மென்பொருள் மனிதப் பேச்சுக்காகச் செய்தது. ஜெனரேட்டர், சைரன், மரம் அறுக்கும் இயந்திரம் பக்கத்தில் இருந்தால் சொல் சிதைந்துவிடும். அமெரிக்காவில் பல தீயணைப்புத் துறைகள் தீ எரியும் இடத்தில் அனலாக் நேரடி சேனலைத்தான் வைத்திருக்கின்றன. நாமும் ஒன்று வைக்கலாம். மாவட்டம் முழுக்க டிஜிட்டலை நீக்குவதை மட்டும் ஏற்கமாட்டேன்.

ஓமலூர்: 50 வாட்?

பதில்: மேலே பாருங்கள். பேட்டரியையும்.