மொன்ஸ்டர் கம்பனியின் மதுபான ரின், எனர்ஜி ட்ரிங்கில் சாராயம் கலந்த மாதிரித்தானா?

அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் மொன்ஸ்டர் என்ற எனர்ஜி ட்ரிங்க் கம்பனியின் 'த பீஸ்ட் அன்லீஷ்ட்' மதுபான ரின் ஒன்று தந்திருக்கிறார், இரவு மேட்ச் பார்க்க நித்திரை முழிக்க உதவுமா, இங்கே சாராயத்தில் ரெட் புல் விட்டுக் குடிப்பதும் இதுவும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நித்திரை முழிக்க உதவாது. அந்த ரின்னில் கஃபீன் இல்லை, சீனியும் இல்லை. மொன்ஸ்டரின் வாசமும் இனிப்பும் மட்டும்தான் உண்டு. உள்ளே இருப்பது 6% அற்ககோல், கிட்டத்தட்ட ஒரு பியர். இரண்டாவது ரின்னோடு கொட்டாவிதான் வரும்.

குடிக்கப் பழக்குகிறேன் என்று யாரும் கீழே வந்து சண்டை பிடிக்க வேண்டாம். குடிக்காதவர் குடிக்காமலே இருக்கட்டும். ஆனால் "எனர்ஜி ட்ரிங்க் கம்பனியே செய்யிறான், அப்ப கலந்தால் என்ன பிழை" என்ற கதை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நன்றாக ஓடுது. அது தலைகீழான கதை. கம்பனி கலக்கவில்லை. கலக்க விடவும் மாட்டார்கள்.

அமெரிக்காவில் முன்பு கலந்துதான் விற்றார்கள். ஸ்பார்க்ஸ் என்ற பானத்தில் கஃபீனும் அற்ககோலும் ஒன்றாக இருந்தன. மாநிலச் சட்டமா அதிபர்கள் நெருக்க, 2008 முடிவில் கஃபீனை எடுத்தார்கள். அடுத்தது போர் லோகோ. 12% அற்ககோல், 695 மில்லிலீற்றர், கூடவே கஃபீன், எனர்ஜி ட்ரிங்கில் போடும் டோரின், கஃபீன் உள்ள குவாரானா விதைச் சாறு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு ரின்னில் 83 மில்லி சுத்த அற்ககோல். நம்ம 33.5% சாராயத்தில் அது 250 மில்லி, அதாவது கால் போத்தலையும் தாண்டும். அதை ஒரே ரின்னில், பழரச ருசியில், நித்திரை வராமல் குடித்தார்கள். 2010 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நான்கு கம்பனிகளுக்குக் கடிதம் எழுதியது: மதுவில் தனியாகச் சேர்க்கும் கஃபீன் பாதுகாப்பற்ற சேர்மானம். கோப்பி லிக்கர் மாதிரி, கோப்பிக் கொட்டையிலிருந்தே வரும் கஃபீன் வேறு கதை.

அதனால் மொன்ஸ்டர் வேறு வழியால் வந்தது. 2022 இல் கனார்க்கி என்ற பியர் வடிசாலைக் கூட்டமைப்பை 33 கோடி டொலருக்கு வாங்கி, 2023 இல் இந்த ரின்னை இறக்கியது. இதில் வொட்கா ஒன்றும் ஊற்றுவதில்லை. மோல்ட்டை, அதாவது முளைவிட்ட தானியத்தை, நொதிக்க வைத்து, வடிகட்டி, பியர் மணமும் கசப்பும் போன பிறகு வாசனை சேர்ப்பார்கள். மவுன்டன் டியூ பெயரில் 2022 இல் வந்த 5% மதுவிலும் கஃபீன் கிடையாது.

உங்கள் ரின் 473 மில்லியாக இருந்தால் அதில் 28 மில்லி சுத்த அற்ககோல் இருக்கு. அது 85 மில்லி சாராயத்துக்குச் சமம். இங்கே விற்கும் 8.8% ஸ்ட்ரோங் பியர் 500 மில்லியில் 44 மில்லி வரும். பெயரில் மிருகம் இருந்தாலும் நம்ம ஸ்ட்ரோங் பியருக்குக் கிட்டவும் நிற்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சீனியில்லாத பானம் வயிற்றை விட்டுச் சீக்கிரம் இறங்கும், வெறும் வயிறென்றால் தலைக்கும் சீக்கிரம் ஏறும். பைட்டுக்குக் கடலை மட்டும் வைத்துக்கொண்டு இருக்காமல் முதலில் சோறு சாப்பிடுங்கள்.

இப்ப வீட்டுக் கலவைக்கு வாருங்கள், பிழை நடக்கிற இடம் அதுதான். 250 மில்லி ரெட் புல்லில் 80 மில்லிகிராம் கஃபீன், 27 கிராம் சீனி. அதற்கு 50 மில்லி சாராயம் விட்டால் கலவை 5.6%, பியர் அளவு. ஆனால் 50 இல் யார் நிற்கிறார்? இனிப்பும் புளிப்பும் சாராய நெடியை மூடிவிடும், 100 ஊற்றினாலும் நாக்குக்குத் தெரியாது. ஒரு ரின்னை இரண்டு கிளாசில் பங்கிட்டு ஆளுக்கு 100 விட்டால் 15% வரும், வைனைவிடக் கடுமை. கண் மட்டத்துக்கு ஊற்ற வேண்டாம். அளவுக் கிண்ணம் இல்லையென்றால் பிள்ளைகளின் பாணி மருந்து மூடி போதும், 10, 15 என்று கோடு போட்டிருக்கும்.

கஃபீன் குடிவெறியைக் குறைக்காது. நித்திரை வரவைக்கும் அடினோசினை மூளையில் மறிக்கும், அவ்வளவுதான். ஈரல் தன்பாட்டில் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் அற்ககோலை எரிக்கும், கஃபீன் அதை வேகப்படுத்தாது. மூன்று ரெட் புல் ரின்னோடு 300 மில்லி சாராயம் என்றால் 79 கிராம் அற்ககோல். இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால் காலை ஏழு மணிக்கும் உடம்பில் மிச்சம் இருக்கலாம். கஃபீன் பாதியாகவே ஐந்து மணித்தியாலம் போகும். ஆள் தெளிவாக இருக்கிற மாதிரி எழும்பி பைக்கை எடுப்பார், காலி வீதியில் பொலிஸ் பலூன் ஊதச் சொன்னால் நிறம் மாறும். நெஞ்சு படபடப்பு, பிரஷர், நெஞ்சு வருத்தக் குளிசை உள்ளவர்கள் இந்தக் கலவைக்குப் பக்கத்திலேயே போக வேண்டாம்.

      

உங்கள் ரின்னுக்கு வருவோம். அமெரிக்கச் சாதாரண மொன்ஸ்டரும் அதே 473 மில்லி உயரம். பிள்ளைகள் திறக்கிற ஃப்ரிட்ஜில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், அற்ககோலைக் குறிக்கும் 'அல்க்' என்ற சிறிய எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. அவசரத்துக்கு ஃப்ரீசரிலும் போட வேண்டாம். 6% பானம் சைபருக்கு இரண்டு மூன்று பாகை கீழேயே உறையும், ஃப்ரீசர் மைனஸ் 18. ரின்னின் அடி வீங்கி மூடி பிளக்கும், பிறகு ஃப்ரீசரைக் கழுவ வேண்டியதுதான். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி உப்பு. ரின்னை அமிழ்த்தி இடைக்கிடை உருட்டினால் கால் மணித்தியாலத்தில் குளிர்ந்துவிடும். வெளியே எடுத்து வாய்ப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத் திறவுங்கள், இல்லாவிட்டால் முதல் மடக்கே உப்புக் கரிக்கும்.