வாசகர் கேள்வி: ஓட்டப் பயிற்சிக்கு எந்த வாட்ச் வாங்கலாம்?

கேள்வி: சார், எனக்கு மன்னார்குடி பக்கம். ரெண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஓடிட்டு இருக்கேன். போனை கையில புடிச்சிக்கிட்டே ஓடுறதால ஒரு நாள் 1500 மீட்டர்னு காட்டுது, இன்னொரு நாள் அதே ரூட்டுக்கு 1570ங்குது. டூயல் ஃப்ரீக்வென்சி இருக்குற வாட்ச்தான் சரியா வரும்னு ஃப்ரெண்டு சொல்றான், விலையைப் பார்த்தா வீட்ல கேக்கவே முடியாது போல. அதை வாங்கித்தான் ஆகணுமா?

பதில்: வேணாம் தம்பி. சாட்டிலைட்லேருந்து எல்1, எல்5னு ரெண்டு சிக்னல் வரும், ரெண்டையும் சேத்துப் புடிக்குற வாட்ச்சைத்தான் டூயல் ஃப்ரீக்வென்சிங்குறாங்க. பெரிய கட்டடத்துலயோ பாறையிலயோ பட்டுத் திரும்பி வர்ற சிக்னலை ஒதுக்குறதுக்கு அது ரொம்ப உதவும், சென்னையில உயரமான பில்டிங்குக்கு நடுவுல ஓடுறவங்களுக்கு அது வேணும்தான். ஆனா நீங்க ஓடுறது வயக்காட்டு ரோடும் ஆத்தங்கரையும், மேல வானம் முழுசா தொறந்து கிடக்கு, புளியமரம் ரெண்டு பக்கமும் மூடிக்கிட்ட இடத்துல கொஞ்சம் தடுமாறும், அதுக்கு மேல ஒண்ணும் ஆகாது.

நீங்க பாக்க வேண்டியது வேற. விலை கம்மியா வர்ற நிறைய வாட்ச்ல ஜிபிஎஸ்னு போட்டிருப்பான், உள்ள படிச்சா கனெக்டட் ஜிபிஎஸ்னு இருக்கும், அப்படின்னா போன்ல இருக்குற ஜிபிஎஸ்ஸைத்தான் அது எடுத்துக்கும், நீங்க மறுபடி போனைத் தூக்கிக்கிட்டுதான் ஓடணும். பில்ட் இன் ஜிபிஎஸ்னு இருக்கான்னு பாத்து வாங்குங்க. அடுத்தது பட்டன். ஐப்பசி கார்த்திகை மழையில, இல்லன்னா வேர்வை சொட்டுற விரலால டச் ஸ்க்ரீனைத் தடவிப் பாருங்க, நிறுத்தணும்னு நினைக்குறப்ப நிக்கவே நிக்காது. கார்மின் ஃபோர்ரன்னர் 55 இருக்கு, 2021ல வந்தது, டச்சே கிடையாது, அஞ்சு பட்டன், வெயில்லயும் எழுத்து பளிச்சுனு தெரியும், ஜிபிஎஸ் போட்டா 20 மணி நேரம் வரைக்கும் வரும்னு கம்பெனி சொல்லுது. உங்களுக்கு அது தாராளம். 2023ல வந்த கோரோஸ் பேஸ் 3ல டூயல் ஃப்ரீக்வென்சியும் இருக்கு, ஏதாவது ஆஃபர்ல அதே விலைக்கு வந்தா எடுத்துக்கங்க, அதுக்காகக் கடன் வாங்காதீங்க.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். உங்களுக்குத் தேவை 1500 மீட்டர் 7 நிமிஷம், கிலோமீட்டருக்கு 4:40. 400 மீட்டர் ட்ராக்ல அது மூணே முக்கால் சுத்து, ஒரு சுத்துக்கு 112 செகண்ட். ட்ராக்ல வளைவு ஜாஸ்தி, சாதா மோட்ல எந்த வாட்ச்சும் சுத்துக்கு சுத்து கொஞ்சம் மாத்தித்தான் காட்டும், அதனால அங்க ஜிபிஎஸ் தூரத்தை நம்பாதீங்க, தரையில போட்டிருக்குற கோட்டை நம்புங்க. முதல் லேன்ல உள்கோட்டை ஒட்டி ஓடுங்க, ஒவ்வொரு தடவையும் கோட்டைத் தாண்டுறப்ப லேப் பட்டனை, அதாவது சுத்து நேரத்தைக் குறிச்சுக்குற பட்டனை, அமுக்குங்க. சுத்துக்கு 108 செகண்ட் புடிச்சிட்டீங்கன்னா 6:45ல முடிச்சிடலாம், தேர்வு அன்னைக்கு பதட்டத்துல கொஞ்சம் பிசகினாலும் கையில 15 செகண்ட் இருக்கும்.

ரோட்டுல ஓடுற அன்னைக்கு வாட்ச் சாட்டிலைட்டைப் புடிச்சிடுச்சுன்னு காட்டுற வரைக்கும் நின்னு வெயிட் பண்ணுங்க. பட்டனை அமுக்குன உடனே பாயுறதாலதான் பாதி பேருக்கு முதல் இருநூறு மீட்டர் கோணலா வருது. பேஸ்னா கிலோமீட்டருக்கு ஆகுற நேரம். ஸ்க்ரீன்ல அந்த நேரத்து பேஸை வைக்காம லேப் பேஸை, அதாவது கடைசியா லேப் ஆரம்பிச்சதுலேருந்து வர்ற சராசரியை, வைங்க, அந்த நேரத்து பேஸ் குதிச்சுக்கிட்டே இருக்கும்.

கேள்வி: கும்பகோணத்துல மகாமகக் குளத்தைச் சுத்தி காலையில மெதுவா ஓடுறேன். கூட வர்றவங்களோட பேசிக்கிட்டே ஓட முடியுது, ஆனா வாட்ச்ல ஹார்ட் ரேட் 175 காட்டுது. பயமா இருக்கு சார், ஓடலாமா?

பதில்: பேசிக்கிட்டே ஓட முடியுதுன்னா அந்த 175 அனேகமா உங்க காலடிக் கணக்கா இருக்கும். வாட்ச் பச்சை லைட்டை அடிச்சு தோலுக்கு அடியில ரத்தம் ஓடுறதைப் பாக்குது, ஸ்ட்ராப் லூசா இருந்தா கை ஆடுற ஆட்டத்தையே துடிப்புன்னு எடுத்துக்கும். நிமிஷத்துக்கு 170, 175 அடி வைக்குறது ஓடுறவங்களுக்கு சாதாரணம்தான், அந்த நம்பரே அப்படியே ஸ்க்ரீன்ல வந்துடுது. அடுத்த தடவை அப்படிக் காட்டுனா சட்டுனு நின்னு கழுத்துல ரெண்டு விரல் வச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கிப் பாருங்க. 130 பக்கம் வந்தா தப்பு வாட்ச் மேலதான். ஸ்ட்ராப்பை மணிக்கட்டு எலும்புக்கு மேல ரெண்டு விரல் தள்ளி, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்க. வளையலை அந்தக் கையில போடாதீங்க. அப்பவும் சரி வரலன்னா நெஞ்சுல கட்டுற ஸ்ட்ராப் வாங்கிக்கலாம், அது இதயத்தோட மின் துடிப்பையே எடுக்கும்.

ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. சித்திரை வைகாசியில நம்ம ஊர் புழுக்கத்துல, உடம்பைக் குளிர வைக்க ரத்தம் தோலுக்கு ஓடுறதால அதே வேகத்துக்குத் துடிப்பு நிஜமாவே ஏறும், அந்த மாசத்துல பேஸைப் பாக்காம துடிப்பைப் பாத்து வேகத்தைக் குறைச்சுக்கங்க. எண்ணிப் பாத்தும் 170க்கு மேலயே வந்தாலோ, தலை சுத்துனாலோ, நெஞ்சு அடைச்சாலோ உடனே ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்கம்மா, அதுல யோசிக்கவே கூடாது.

கேள்வி: நாகப்பட்டினத்துல கடற்கரையில ஓடுறேன், வாட்ச்ல சார்ஜ் ஏத்துற இடம் பச்சையா பூத்துப் போகுது. என்ன செய்ய?

பதில்: உப்புக் காத்தும் வேர்வையும்தான் காரணம். ஓடி முடிச்சதும் நல்ல தண்ணியில கழுவி, துணியால ஒத்தி எடுத்து, நல்லா காஞ்சப்புறம்தான் சார்ஜ்ல போடணும். ஈரத்தோட போட்டாத்தான் சீக்கிரம் அரிக்கும். பூத்ததைப் பழைய டூத் பிரஷ்ஷால மெதுவா தேய்ச்சு எடுங்க, கத்தி வச்சு சுரண்டாதீங்க.