60 நிமிடக் கேசட்டில் 66 நிமிட ஆல்பம்

போன இதழில் ஒரு வாசகர், பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘தி டிவிஷன் பெல்’ (1994) எப்படி என்று கேட்டிருந்தார். ‘நல்ல ஆல்பம், ஆனால் பெரிய ஆல்பம் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அது தப்பாகப் போயிற்று. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல, ‘நல்ல ஆல்பமா அது?’ என்று பாதிப்பேரும் ‘ஏன் பெரிய ஆல்பம் இல்லை?’ என்று மீதிப்பேரும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். மதுரைப் பக்கம் புரோகிரசிவ் ராக் கேட்கிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்குச் செய்திதான். இந்த வாரம் முழுக்க அந்தக் கடிதங்கள்.

பழைய கேசட்காரர், திருமங்கலம்: ரோஜர் வாட்டர்ஸ் போன பிறகு வந்தது பிங்க் ஃபிளாய்டே இல்லை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கடை நடத்தினார்கள். அதைப் போய் நல்ல ஆல்பம் என்கிறீர்களே, உங்களுக்கே நியாயமாகப் படுகிறதா?

அண்ணே, திருவிழாவுக்கு நையாண்டி மேளம் பேசப் போனாலும் இதே வழக்குத்தான். செட் இரண்டாகப் பிரிந்திருக்கும், இரண்டு கோஷ்டியும் பழைய பெயரைத்தான் நோட்டீஸில் போடும், நாதஸ்வரக்காரர் இருக்கிற செட்தான் ஒரிஜினல் என்று ஊரில் பாதிப்பேர் நிற்பார்கள், தவில்காரர்தானே ஆள் சேர்த்தவர் என்று மீதிப்பேர் நிற்பார்கள், அட்வான்ஸை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் கமிட்டிக்காரர் முழிப்பார். குழுவுக்குப் பெரும்பாலும் பாட்டு எழுதிய வாட்டர்ஸ் 1985ல் விலகினார். அந்தப் பெயரை இனி யாரும் போடக்கூடாது என்று அடுத்த வருடம் கோர்ட்டுக்குப் போனார். 1987 கடைசியில் சமாதானமாகி, பெயர் கிடார் வாசித்துப் பாடும் டேவிட் கில்மோர், டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசன் பக்கம் நின்றது. வக்கீல்களுக்கு வழக்கு அன்றோடு முடிந்தது, உங்களுக்குத்தான் இன்னும் வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். பாட்டு எழுதுகிற ஆள் போனால் குழுவும் போயிற்று என்றால், வாட்டர்ஸுக்கு முன்னால் எழுதிய சிட் பாரெட் என்ன ஆனார்? 1968ல் அவர் வெளியே போனபோதே கடையை இழுத்துச் சாத்தியிருந்தால், நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ‘டார்க் சைடு ஆஃப் த மூன்’ 1973ல் வந்தே இருக்காது.

அப்புறம் ரிச்சர்ட் ரைட். 1979ல் ‘தி வால்’ வேலை நடந்தபோது அவரைக் குழுவை விட்டே அனுப்பினார்கள், அதில் முன்னால் நின்றவர் உங்கள் வாட்டர்ஸ்தான். அதற்குப் பிறகு அதே மனிதர், தான் சேர்ந்து உருவாக்கிய குழுவுக்கே சம்பளத்துக்கு வந்து மேடையில் கீபோர்டு வாசித்தார். ‘டிவிஷன் பெல்’ ஆல்பத்தில் 11 பாட்டில் 5ல் இசைக்கு அவர் பெயரும் இருக்கிறது. ‘வேரிங் தி இன்சைட் அவுட்’ என்ற பாட்டை அவரே முன்னின்று பாடுகிறார், ‘டார்க் சைடு’க்குப் பிறகு அவர் அப்படிப் பாடியது இதில்தான். டிக் பாரியின் சாக்ஸபோன் முன்னால் போய்க் கதவைத் திறந்துவைக்க, ரொம்ப நாள் யாரிடமும் பேசாமல் இருந்த ஆள் தயங்கித் தயங்கி உள்ளே வருவது போல அந்தக் குரல் வரும். இதையும் ஏமாற்று என்றால் நான் என்ன சொல்ல?

ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். இது மதுரை, இங்கே சொல் குற்றம் தனி, பொருள் குற்றம் தனி. வரிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஆல்பம் இளைத்துத்தான் இருக்கிறது. ஏழு பாட்டின் வரிகளில், பிற்பாடு கில்மோரின் மனைவியான பாலி சாம்சனுக்கும் பங்கு உண்டு. மோசமில்லை, ஆனால் வாட்டர்ஸ் எழுதினால் வரிக்கு வரி பல் இருக்கும், இங்கே பல இடத்தில் ஈறுதான். ‘டேக் இட் பேக்’ ரேடியோவுக்காகப் போட்டது போல இருக்கிறது, நான் தாண்டிவிடுவேன். வாட்டர்ஸ் ஆல்பம் முழுவதையும் குப்பை என்றார். பிரிந்துபோன பங்காளியிடம் போய் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்!

கல்லூரி மாணவி, உசிலம்பட்டி: நான் முதன்முதலில் கேட்ட பிங்க் ஃபிளாய்ட் ஆல்பமே இதுதான், எனக்கு ரொம்பப் பிடித்தது. சீனியர் அண்ணன்கள் ‘இதெல்லாம் ஒரு ஃபிளாய்டா’ என்று சிரிக்கிறார்கள். என் காதில் கோளாறா?

கோளாறு இல்லையம்மா. அவர்கள் அந்தக் குழுவின் சண்டையைத் தெரிந்துகொண்டு பாட்டைக் கேட்டவர்கள், நீங்கள் பாட்டை மட்டும் கேட்டவர். ‘ஏ கிரேட் டே ஃபார் ஃப்ரீடம்’ பெர்லின் சுவர் இடிந்ததையும், அந்த சந்தோஷம் பிறகு வடிந்துபோனதையும் பற்றிய பாட்டு. சுவர் என்ற சொல் காதில் விழுந்ததுமே, இது ‘தி வால்’ எழுதிய வாட்டர்ஸைத் தாக்கும் பாட்டு என்று ஒரு கூட்டம் கிளம்பியது, கில்மோர் இல்லையென்று சொல்லியும் விடவில்லை. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. சீனியர்களிடம் சண்டை போடாமல் ‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975) கேளுங்கள். பிடித்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றை விடச் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலூர்: டிவிஷன் பெல் என்றால் என்ன? பேரன் கேட்கிறான்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்புக்கு அடிக்கும் மணி. மணி கேட்டதும் உறுப்பினர்கள் ஓடிவந்து, ஆதரவு ஒரு பக்கம், எதிர்ப்பு ஒரு பக்கம் என்று இரண்டாகப் பிரிந்து போவார்கள். இந்தப் பெயரைச் சொன்னவர் எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ். அட்டைப்படத்தில் ஈலி என்ற ஊருக்குப் பக்கத்தில் வயலில் நிறுத்திய இரண்டு பெரிய உலோகத் தலைகள் எதிரும் புதிருமாக இருக்கும், கொஞ்ச நேரம் பார்த்தால் இரண்டும் சேர்ந்து நம்மைப் பார்க்கும் ஒரே முகமாகத் தெரியும். பேரனிடம் காட்டுங்கள், உங்களுக்கு முன்னால் அவன் கண்டுபிடிப்பான்.

கிடார் கற்பவர், அண்ணா நகர்: ‘மரூன்ட்’ இசையில் ஸ்வரம் அவ்வளவு உயரம் எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது? விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை.

விரலை விடுங்கள், காலைப் பாருங்கள். அது வாம்மி பெடல். மிதித்தால் வாசித்த ஸ்வரம் ஒரு ஸ்தாயி வரை மேலே ஏறும், காலை எடுத்தால் இறங்கும். பாட்டே இல்லாத அந்த ஐந்தரை நிமிடத்துக்கு 1995ல் கிராமி விருது கிடைத்தது. சொல் குற்றம் சொல்ல வந்தவர்களுக்கு அங்கே வேலையே இல்லை.

உன்னோடு ஹாஸ்டலில் இருந்தவன், ஆனையூர்: 94ல் இந்த ஆல்பத்தை முடிவே இல்லாத ஆல்பம், மொட்டை ஆல்பம் என்று திட்டியவன் நீதானே? இப்போது என்ன புதுக் கரிசனம்?

மாப்ள, இதை நீ எழுதுவாய் என்று எதிர்பார்த்தேன். ஆமாம், திட்டினேன். ஏன் திட்டினேன் என்று உனக்கே தெரியாது, கேள்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் ரெக்கார்டிங் கடை இருந்தது, ஞாபகம் இருக்கும். 90 நிமிடக் கேசட் விலை கூட என்பதால் நான் 60ஐ வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து சிவப்பு மையில் ‘பிங்க் பிளைட்’ என்று எழுதிக் கொடுத்தார். விமானமே பரவாயில்லை என்று வாங்கி வந்தேன். ஆல்பமோ 66 நிமிடம். ஏ பக்கம் ஐந்து பாட்டு, பி பக்கம் ஐந்து பாட்டு. பத்தாவது பாட்டு ‘லாஸ்ட் ஃபார் வேர்ட்ஸ்’ முடியப் போகிற நேரத்தில் டேப் தீர்ந்து சடக்கென்று பட்டன் எழும்பும். பதினொன்றாவது பாட்டு ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது, கேசட் உறையில் பாட்டுப் பட்டியலா இருந்தது? வார்த்தை நடுவில் அறுந்துபோகிற ஆல்பத்தை மொட்டை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வேன்.

2001ல் திருப்பரங்குன்றத்தில் ஒரு நண்பன் வீட்டில் சிடி போட்டார்கள். ‘லாஸ்ட் ஃபார் வேர்ட்ஸ்’ முடிந்தது, நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினேன். மணி அடித்தது. கோயில் மணி என்றுதான் நினைத்தேன், மறுபடி அடித்தது, பிறகு பியானோவும் சேர்ந்தது, ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்று அப்போதுதான் உறைத்தது. அதுதான் ‘ஹை ஹோப்ஸ்’, எட்டரை நிமிடம். கில்மோர் கேம்பிரிட்ஜில் வளர்ந்த காலத்தை நினைத்துப் பாடுகிறார், பாடி முடித்ததும் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிடார் ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது, அந்த மணி மட்டும் அடியில் அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று முழுசாகக் கேட்டேன். எல்லாம் அடங்கிக் கொஞ்சம் மவுனம், பிறகு ஒரு சின்னப் பையன் போனில் ஏதோ சொல்லிவிட்டு டொக்கென்று வைக்கிற சத்தம். நண்பன் வீட்டில் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வருடமாகக் கடைசிப் பாட்டே கேட்காமல் ஆல்பத்தைத் திட்டியிருக்கிறேன்.

அதனால்தான் போன வாரம் ‘நல்ல ஆல்பம்’ என்றேன். அந்தப் பாட்டு மட்டும் பெரிய பாட்டு.

ஒரு வாசகர், ஒத்தக்கடை: 2014ல் வந்த ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ வாங்கலாமா?

‘டிவிஷன் பெல்’ ஒலிப்பதிவில் மிஞ்சிய இசையிலிருந்து பெரும்பாலும் கட்டியது அது. ரைட் 2008ல் இறந்துவிட்டார், அவருடைய கீபோர்டுக்காகக் கேட்கலாம். வரிகளோடு பாடுகிற பாட்டு கடைசியில் ஒன்றே ஒன்று. காசு கொடுப்பதற்கு முன்னால் யார் போனிலாவது ஒரு முறை கேட்டுவிடுங்கள்.